கை விழும் இடம்

– எங்க குழி போடணும்னு இப்பவே சொல்லிடு. அப்புறம் வந்து இங்க இல்ல, அங்கன்னு நிக்கக்கூடாது.

– நான் என்னத்தச் சொல்றது? ஃபோன் உங்களுது. கை உங்களுது.

– மேஜை நீ கேட்டது.

– கேட்டது நான். செய்யறது நீங்க.

– நல்லா இருக்கு நியாயம். உங்கிட்ட சட்டை தைக்க வர்றவங்ககிட்ட, பை எங்க வைக்கணும்னு அவங்களையே கேப்பியா?

– கேக்கமாட்டேன். அளவெடுப்பேன். எழுந்திரிங்க.

– எங்க?

– உள்ள வாங்க. கட்டில்ல படுங்க.

– ...

– என்ன முழிக்கறீங்க? கட்டிலோரம் போடற மேஜைக்கு நின்னுக்கிட்டா அளவெடுக்க முடியும்? மேல பார்த்தா வெறும் பலகைதான், ஃபோன வெச்சா தானா சார்ஜ் ஏறும்னு நீங்கதானே பெருமை அடிச்சீங்க. இருட்டுல கை எங்க விழுதோ, அதுக்கு நேர் கீழதான் அந்த சார்ஜர் தட்டு இருக்கணும்.

– அது சரி... ஆனா உடம்பெல்லாம் மரத்தூள்.

– தட்டிட்டு வாங்க. மேஜைய நான் தூக்கிக்கறேன்.

– பாத்து. மேல் பலகைய இன்னும் முடுக்கல. சும்மாதான் வெச்சிருக்கேன், நழுவும்.

– என் பலகை எனக்குத் தெரியாதா? இதுல போட்டு எத்தனை சட்டை வெட்டியிருப்பேன்.

– வெட்டுமேஜையா இருந்தது கட்டில்மேஜை ஆகுது. பலகைக்கும் ஓய்வு வேணும்ல.

– உங்களுக்கும்தான் வேணும். நடங்க.

– ...எந்தப் பக்கம் வைக்கப் போற? கதவுப் பக்கமா?

– கதவுப் பக்கம் நான் படுக்கற இடம். ஜன்னல் பக்கம்தான். உங்க பக்கம்.

– என் பக்கமா?

– பின்ன எந்த ஊர்க்காரன் பக்கம்?

– இல்ல... மேஜை உனக்குன்னு நினைச்சேன்.

– எனக்கு எதுக்கு? என் பக்கத்து ப்ளக் பாயிண்ட்தான் நல்லா இருக்கே. உங்க பக்கத்துப் பாயிண்ட் கெட்டதுலேர்ந்துதானே நீங்க ஃபோனத் தூக்கிட்டு ஹாலுக்குப் போனீங்க.

– ஆமா.

– ராத்திரி யாராச்சும் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா உங்களத்தான் கூப்பிடுவாங்க, ஃபோன் உசிரோட இருக்கணும், சோஃபா பக்கத்துல பாயிண்ட் இருக்குன்னு...

– ஆமாமா. நான் சொன்னதுதானே. எனக்கே திருப்பிச் சொல்ற.

– அதான். இந்த மேஜை வந்துட்டா சோஃபாவுக்கு வேலை இல்ல.

– ...

– இருக்கா?

– என்ன?

– சோஃபாவுக்கு வேலை.

– ராத்திரி ஃபோன் அடிக்குமே. உனக்குத் தொந்தரவு.

– அடிச்சா அடிக்கட்டும். ஏன், சோஃபா பழகிடுச்சா?

– பழகறதுக்கு அது என்ன நாயா, பூனையா... எங்க படுக்கணும்? இங்கயா?

– உங்க இடத்தையே மறந்துட்டீங்க. இன்னும் தள்ளி. ம். இப்ப சரி.

– ஃபேன் ஏன் இவ்வளவு மெதுவா ஓடுது? ரெகுலேட்டர் போச்சா?

– ஒண்ணும் போகல. எனக்கு அதுவே போதும்.

– முன்ன பறக்க விடுவியே.

– அது அப்ப.

– தூக்கம் வருதா இப்ப?

– வருது. கண்ண மூடுங்க.

– மூடிட்டேன்.

– ஃபோன் வைக்கற மாதிரி கைய நீட்டுங்க. யோசிக்காம நீட்டணும்.

– இப்படியா?

– யோசிக்கறீங்க.

– கைய நீட்டறதுக்கு யாராச்சும் யோசிப்பாங்களா?

– நீங்க யோசிப்பீங்க. பலகையத் தடவித் தடவி ஓரம் தேடறீங்க. லிஃப்ட் பட்டனா அது? தூக்கக் கலக்கத்துல போடற மாதிரி போடுங்க.

– தூக்கக் கலக்கம் வரணும்னா தூங்கணும்.

– தூங்குங்க. யாரு வேணாம்னாங்க?

– ...

– ஏங்க.

– ...

– நிஜமாவே தூங்கிட்டீங்களா?

– ம்... இல்ல. தலகாணி மாத்திட்டியா?

– அதேதான். உறை மட்டும் புதுசு.

– சோஃபாவுல கைப்பிடிதான் தலகாணி. கழுத்து இப்பத்தான் நிம்மதியா... 

– ஆ! அப்படியே! கைய அசைக்காதீங்க. சாக்பீஸ் எங்க வெச்சேன்...

– காதுல.

– கண்ண மூடிக்கிட்டு எப்படித் தெரியும்?

– வேற எங்க வைப்ப நீ.

– ...உள்ளங்கையைச் சுத்திக் கோடு போடறேன். கூச்சப்படாதீங்க.

– கூசுது.

– கூசட்டும். ...முடிஞ்சுது. எழுந்திரிங்க.

– இன்னும் கொஞ்சம் இருக்கேனே.

– எதுக்கு?

– கோடு சரியா விழுந்துச்சான்னு நீ பாரு. நான் அதுவரைக்கும்...

– விழுந்துச்சு. எழுந்திரிங்க, வெளிச்சம் போறதுக்குள்ள முடிக்கணும். ஆமா, கேக்கணும்னு இருந்தேன். தினம் நான் குளிச்சுட்டு வரும்போது இந்த அறையிலேர்ந்து வெளிய போறீங்களே, என்னத்தத் தேடறீங்க?

– சீப்பு.

– இருக்கற நாலு முடிக்கா?

– நாலா இருந்தாலும் முடி முடிதான். பலகைய நீ எடு, காலெல்லாம் நான் தூக்கிக்கறேன், போகலாம்.

– வாங்க... இங்க வைக்கறேன். மிஷின் மேல தூள் படாம பண்ணுங்க.

– பலகைய அப்படியே கவுத்துப் போடு. அடியிலேர்ந்துதான் குடையணும். இடது ஓரத்துலேர்ந்து ஒரு சாண், முன் ஓரத்துலேர்ந்து நாலு விரல். குறிச்சுக்கறேன்.

– எங்க குறிக்கறீங்க?

– இடது ஓரத்துலேர்ந்து ஒரு சாண்.

– இப்ப இது இடது இல்ல.

– இடதுதான். இது என் இடது கை, இது பலகையோட இடது.

– பலகைய இப்பத்தான் கவுத்தோம். நல்ல பக்கத்துல இடது, அடிப் பக்கத்துல வலது. இப்படிக் குறிச்சீங்கன்னா கை ஒரு இடத்துல விழும், சார்ஜர் இன்னொரு மூலையில உக்காந்திருக்கும்.

– ...அட.

– நான் தைக்கப் பழகினப்ப ஒரு சட்டைக்கு ரெண்டு கையும் இடது கையா வெட்டினேன். துணிய இப்படித்தான் கவுத்துப் போட்டு வெட்டினேன்.

– அந்தச் சட்டைய யாரு போட்டாங்க?

– நீங்கதான். பெண் பார்த்துட்டுப் போனப்புறம் நான் தைச்சு அனுப்பின முதல் சட்டை.

– அதான் ஒரு தோள் தூக்கிக்கிட்டே இருந்துச்சா! நான் என் தோள்தான் கோணல்னு நினைச்சேன். இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டு இருக்கேன்!

– சொன்னா நீங்க போடமாட்டீங்கன்னு சொல்லல. தள்ளுங்க, நான் குறிக்கறேன்.

– இன்னும் என்னென்ன சொல்லாம வெச்சிருக்கியோ.

– ...என்ன?

– சும்மா சொன்னேன். நீ குறி.

– குறிச்சாச்சு. எவ்வளவு ஆழம்?

– மேல அஞ்சு மில்லி விட்டுட்டு மீதி எல்லாம் குடையணும். அதுக்கு மேல தடிமன் இருந்தா சார்ஜ் ஏறாது. ரொம்பக் குடைஞ்சா பலகை பொத்துக்கும்.

– அஞ்சு மில்லின்னா... ரெண்டு கோட் பட்டன் கனம்.

– அப்படியே வெச்சுக்கோ. ட்ரில் முனையில ஒரு அடையாளம் வேணும், அதுக்கு மேல இறங்காம. கறுப்பு டேப் ஒரு துண்டு வெட்டிக் குடு, சுத்திக்கறேன்.

– இந்தாங்க.

– என்னது இது, ஓரம் பல்லு பல்லா இருக்கு?

– கையில இருந்தது ஜிக்ஜாக் கத்திரி.

– அதோ நல்ல கத்திரி இருக்கே.

– அது துணிக் கத்திரி. அதால டேப் வெட்டினா பசை ஒட்டிக்கும், அப்புறம் துணியில வெச்சா கடிக்கும். இந்த ஜிக்ஜாக் மழுங்கிப்போனது. பேப்பர், டேப், பால் கவர் எல்லாத்துக்கும் இதான். புதுசா பார்க்கற மாதிரி கேக்கறீங்க.

– புதுசா இல்ல. முன்னயும் பார்த்திருக்கேன்.

– அப்புறம் என்ன கேள்வி?

– ஒண்ணுமில்ல. பலகையக் கெட்டியாப் பிடிச்சுக்கோ. ஆடக்கூடாது.

– பிடிச்சுட்டேன்.

– சத்தம் வரும், காதப் பொத்திக்காத. ...ம்... ம்... ஒண்ணு. இதே மாதிரி பக்கத்துல பக்கத்துல போட்டுட்டு, நடுவுல நிக்கறத உளியால தட்டி எடுத்துடலாம்.

– சின்னவ நேத்து ஃபோன் பண்ணா.

– என்னவாம்?

– வீடியோல சோஃபா மேல போர்வை தெரிஞ்சுதாம். அப்பா ஏன் ஹால்ல படுக்கறாருன்னு கேட்டா.

– ...நீ என்ன சொன்ன?

– பாயிண்ட் கெட்டுப்போச்சுன்னு சொன்னேன்.

– சிரிச்சிருப்பாளே.

– ஊர்ல இருக்கற லிஃப்ட் வயரிங் எல்லாம் பார்க்கறவரு வீட்டுல ஒரு ப்ளக் பாயிண்ட் சரி பண்ணமாட்டாராம்மான்னு கேட்டா.

– நேரம் எங்க இருக்கு.

– அதான் சொன்னேன், நேரம் இல்லன்னு. சரி, ஒரு எக்ஸ்டென்ஷன் போடலாமேன்னா.

– அதுக்கு என்ன சொன்ன?

– கால் தடுக்கும்னு சொன்னேன்.

– நல்ல பதில்.

– நீங்க வேற எதாச்சும் சொல்லியிருப்பீங்களா?

– நானும் அதான் சொல்லியிருப்பேன். ...உளியக் குடு. அந்தச் சின்னது.

– மெதுவா. மேல பொத்துக்கிச்சுன்னா எனக்கு வேற பலகை கிடையாது.

– உன் பட்டன எடுத்து வெச்சுப் பாரு. கனம் சரியா இருக்கா?

– இன்னும் கொஞ்சம் கனமா இருக்கு. இந்த ஓரம்.

– இப்ப?

– இப்ப சரி. போதும். போதும்னு சொல்றேன்ல!

– நிறுத்திட்டேன். கத்தாத. சார்ஜர் தட்ட உள்ள வை... உக்காந்துச்சா?

– அளவெடுத்து வெச்ச மாதிரி இருக்கு.

– அளவெடுத்துத்தானே வெச்சோம். வயர இந்தக் கால் பின்னாடி ஒட்டி இறக்கிடறேன். வெளிய தெரியாது. டேப்.

– இந்தாங்க. பல்லு இருக்கும், பொறுத்துக்கோங்க.

– பொறுத்துக்கறேன். பலகைய நிமித்திப் போடு. நாலு ஸ்க்ரூ முடுக்கினா முடிஞ்சுது. ...ம். உன் மிஷின் பாயிண்ட்லயே சொருகிப் பார்க்கலாம். ஃபோன வை.

– எங்க?

– கோடு போட்டிருக்கியே.

– வெச்சுட்டேன். ...ஒண்ணும் காணோமே.

– கொஞ்சம் தள்ளி வை.

– தள்ளிட்டேன். இல்ல.

– அந்தப் பக்கம்.

– அந்தப் பக்கமும் இல்ல. பலகை கனமோ?

– உன் ரெண்டு பட்டன் கனம்தானே. ஏறணுமே... தட்டுல கோளாறா? கடைக்காரன் ஏமாத்திட்டானா?

– அவ்வளவுதானா? போச்சா?

– ஏன் குரல் ஒரு மாதிரி போகுது? வேற தட்டு வாங்கிக்கலாம்.

– அது எப்ப வந்து, நீங்க எப்ப மாட்டி... இன்னிக்கு ராத்திரியே போடலாம்னு இருந்தேன்.

– இன்னிக்கே வேணுமா?

– உறைகூட மாத்தி வெச்சேன்...

– உறை!

– என்ன?

– ஃபோன் உறை! நீ தைச்சுக் குடுத்தியே, உள்ள பஞ்சு வெச்சு, கீழ விழுந்தா உடையக்கூடாதுன்னு. அதோட வெச்சா எப்படி ஏறும்? மெத்தை மேல மெத்தை. கழட்டு அத.

– அட ஆண்டவா. ...இப்ப?

– பாரு.

– ஏறுது! பச்சையா மின்னல் காட்டுது! மேல ஒண்ணுமே இல்ல, வெறும் பலகை... நல்லாத்தான் இருக்கு.

– லிஃப்ட்காரன் செஞ்ச மேஜைன்னு சொன்னா நம்புவாங்களா?

– ஏறும், இறங்கும்னு பயப்படுவாங்க. தூக்குங்க, உள்ள கொண்டு போகலாம்.

– நீ முன்னாடி போ. கதவு இடிக்காம... அப்படியே. ஜன்னல் பக்கம். கட்டிலோட ஒட்டி. இறக்கு.

– கச்சிதம்.

– வயர் இந்தப் பக்கம் வருது. இங்க இருக்கற பாயிண்ட்லயே குடுத்துடலாம்.

– அது கெட்டதாச்சே!

– திறந்து பார்த்துடறேன். அஞ்சு நிமிஷ வேலை.

– வேணாம்.

– ஸ்க்ரூ டிரைவர் கையிலயே இருக்கு.

– வேணாம்னா வேணாம். அன்னிக்குக் கருகின வாசனை வந்துச்சு, நான்தானே சொன்னேன். தொட்டா எதாவது ஆயிடப்போகுது.

– கரண்ட்டோடயே பொழைக்கறவன் நான். எனக்கு என்ன ஆகும்?

– ஞாயித்துக்கிழமையும் அதே வேலையா? என் பக்கத்துலேர்ந்து எக்ஸ்டென்ஷன் இழுத்துக்கலாம். கட்டிலுக்கு அடியில விட்டுடலாம்.

– கால் தடுக்கும்னு சொன்ன.

– கட்டிலுக்கு அடியில யாரு நடக்கறா?

– அதுவும் சரிதான். ஏன் இப்படி வேர்க்குது உனக்கு?

– மேஜை தூக்கினேன்ல. இருங்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ எடுத்துட்டு வர்றேன். நீங்க எதையும் தொடாதீங்க.

– சரி.

– தொடமாட்டீங்கள்ல?

– போய் எடுத்துட்டு வா.

– ...எங்க வெச்சேன் அத... தேவைப்படறப்ப எதுதான் கிடைக்குது... ஆ, இந்தா இருக்கு. வர்றேன் வர்றேன்... இந்தாங்க.

– அது வேணாம். இப்ப கேட்டுச்சா? டிங்னு?

– கேட்டுச்சு. என்ன அது?

– ஃபோன் சார்ஜ் ஏறுது.

– எதுல சொருகினீங்க?

– இதுல.

– அதுல கரண்ட் வராதே.

– வருது. பச்சை தெரியுது பாரு.

– வராதுங்க!

– அவ்வளவு உறுதியா எப்படிச் சொல்ற?

– நான்தானே கழட்டினேன்!

– மெயின ஆஃப் பண்ணிட்டா கழட்டின?

– பண்ணிட்டுத்தான். மிஷின் மோட்டார் பார்க்கறப்ப நீங்க பண்றதப் பார்த்திருக்கேன். ...என்ன, அதிர்ச்சியே இல்ல உங்களுக்கு?

– அதெல்லாம் அப்பவே ஆயிடுச்சு. நீ கெட்டுப்போச்சுன்னு சொன்ன மறுநாளே நீ கடைக்குப் போனதும் திறந்து பார்த்தேன். கருகவே இல்ல. வயர் ஒவ்வொண்ணையும் கழட்டி, தனித்தனியா டேப் சுத்தி, அழகா மடிச்சு உள்ள வெச்சிருந்துச்சு. டேப் ஓரமெல்லாம் பல்லு பல்லா.

– ஐயோ...

– உலகத்துல எந்த எலெக்ட்ரீஷியனும் அப்படி வெட்டமாட்டான்.

– தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலியே நீங்க.

– என்னன்னு கேக்கறது? ஹால்ல போய்ப் படுங்க, ஹால்ல போய்ப் படுங்கன்னு அதுக்கு முன்னாடியே தினம் சொல்லிட்டு இருந்த. நான் போகல. வயரையே கழட்டிட்ட. என் ஃபோன் சத்தம் உனக்கு ஆகல, வாய்விட்டுச் சொல்ல மனசு வரலன்னு நினைச்சேன். அதுக்கு மேல ஏன்னு கேட்டுக்கிட்டு நிக்கறதா?

– உங்க ஃபோன் என்ன பண்ணுச்சு என்ன? உங்க கூட வேலை பார்க்கறவரு பேண்ட் சுருக்க என்கிட்ட வந்தாரு. லிஃப்ட் பெட்டி மேல உக்காந்தபடியே அண்ணன் தூங்கிட்டாரு, நான்தான் சத்தம் போட்டு எழுப்பினேன்னு சொன்னாரு.

– அவன் வாய்க்கு ஒரு தையல் போட்டிருக்கலாம் நீ.

– நீங்க மறைச்சீங்க.

– ஒரு நிமிஷம் கண் அசந்துச்சு. அவ்வளவுதான்.

– பத்து மாடி உயரத்துல. யாரால? என்னால. ராத்திரி எனக்கு உடம்பு தீயா எரியும், ஃபேன வேகமா வைப்பேன், உடனே குளிரும், நிறுத்துவேன், ஜன்னலத் திறப்பேன். ஒவ்வொரு தடவையும் நீங்களும் எழுந்து தண்ணி கொண்டு வந்து நிப்பீங்க. அதான் ஹாலுக்குப் போங்கன்னேன். உங்க தூக்கத்துக்காகன்னா போகமாட்டீங்க. ஃபோனுக்காகன்னா போவீங்கன்னு தெரியும். இப்ப உடம்பு நல்லாயிடுச்சு. வாங்கன்னு சொல்லணும்னா பாயிண்ட்டப் பத்திச் சொல்லணும். சரி பண்ணுங்கன்னா திறந்து பார்ப்பீங்க. அதான்... மேஜை கேட்டேன்.

– இதுக்கு ஒரு மேஜையா...

– இருங்க. அந்த வயர எப்ப திரும்ப மாட்டினீங்க? இன்னிக்கா?

– திறந்த அன்னிக்கே. வயர அப்படித் தொங்க விட்டு வைக்கக்கூடாது.

– அப்போ இத்தனை மாசமா இதுல கரண்ட் இருந்துச்சா?

– இருந்துச்சு.

– இருந்தும் அந்தச் சோஃபாவுலயே கிடந்தீங்களா?

– சுவிட்ச மட்டும் ஆஃப் பண்ணி வெச்சேன். நான் திரும்பி வரலாம்னு உனக்குத் தோணினா, நீயே ஒரு நாள் அதப் போடுவன்னு நினைச்சேன்.

– செத்துப்போன பாயிண்ட்டுக்கு நான் எதுக்குங்க சுவிட்ச் போடப் போறேன்? நானே கொன்னது... இருங்க இருங்க. தினம் நான் குளிக்கப் போனதும் உள்ள வந்தீங்களே, சீப்புன்னு...

– சீப்பு எப்பவும் என் சட்டைப் பையிலதான் இருக்கு. நீ சுவிட்சப் போட்டிருக்கியான்னுதான் தினம் வந்து பார்த்துட்டுப் போனேன்.